தைப்பட்டத்துக்குத் தோட்டத்தை ஆயத்தம் செய்தல்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான மார்கழி வேலைகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஜனவரி இரவுகளின் குளிர் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. செடியைக் கருக்கும் குளிர் இங்கு வருவதில்லை. இங்கு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவது மண்ணின் ஈரம். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. அதன்பின் சித்திரை வரை நம்பியிருக்கத்தக்க மழை கிடையாது. ஆகவே மார்கழியிலும் தையிலும் நாம் செய்யும் வேலைகள் யாவும் ஒரே நோக்கம் கொண்டவை: மழை விட்டுச்சென்ற ஈரம் தீர்வதற்குள் புதுச்செடியின் வேரை ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும். பங்குனி வெயிலில் ஒரு செடி நிற்பதும் சாய்வதும் பெரும்பாலும் தையிலேயே முடிவாகிவிடுகிறது.

ஆடிப்பட்டத்தைத் தேடி விதைக்கும் நம் ஊரில் தைப்பட்டத்துக்கு அந்த அளவு மதிப்பு கிடைப்பதில்லை. வீட்டுத் தோட்டத்தைப் பொறுத்தவரை இரண்டில் தையே சிறந்தது என்பது என் கருத்து. ஆடியில் விதைத்தவை காய்த்து ஓய்வதற்குள் ஐப்பசி மழை வந்து அழுகலைக் கொண்டுவருகிறது. தையில் விதைத்தவற்றுக்குத் தெளிந்த வானமும் நீண்டுவரும் பகலும் துணை நிற்கின்றன.

மண் பதத்துக்கு வரும்வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள்

மழை நின்ற மறுநாளே கொத்தத் தொடங்குவதுதான் இந்தப் பருவத்தில் மிகுதியாகச் செய்யப்படும் தவறு. சேறாக இருக்கும் களிமண்ணைக் கொத்தினால் மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றறைகள் நசுங்கி, வெயில் பட்டதும் அது செங்கல் போல இறுகிவிடும். ஒரு மார்கழியில் பொறுமையிழந்து அப்படிக் கொத்திய பாத்தியில் நான் ஊன்றிய பாகல் விதைகள் முளைத்தும் வேர் ஓடவில்லை. கட்டிகளை உடைத்துச் சரிசெய்ய அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பதம் பார்ப்பது எளிது. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். விழுந்ததும் அது உதிர்ந்து பரவினால் மண் கொத்துவதற்கு ஏற்ற பதத்தில் இருக்கிறது. தட்டையாகி ஒட்டிக்கொண்டால் இன்னும் சில நாட்கள் பொறுக்க வேண்டும். உருண்டையாகவே பிடிபடாவிட்டால் பதம் கடந்துவிட்டது. முந்தைய நாள் மாலை நீர் தெளித்துவிட்டு மறுநாள் கொத்துவது நல்லது.

இந்தப் பதம் வரும் நாள் வீட்டுக்கு வீடு மாறும், ஏனெனில் இப்பகுதியில் மூன்று வகை மண் அருகருகே கிடக்கிறது. பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து மேட்டு நிலங்களிலும், புதுச்சேரியில் கோரிமேடு, லாஸ்பேட்டை, ஆரோவில் மேடுகளிலும் உள்ள செம்மண் மழை நின்ற ஒரு வாரத்துக்குள் பதத்துக்கு வந்துவிடும். ஆனால் அடுத்த சில வாரங்களிலேயே மேல்தட்டு இறுகிப்போகும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் போன்ற கடலோர மணலில் எந்த நாளும் கொத்தலாம், ஆனால் அதில் ஈரமும் நிற்காது, சத்தும் நிற்காது. தென்பெண்ணை, கெடிலக் கரைகளின் வண்டலும், பாகூர்ப் பக்கத்துக் களியும் பதத்துக்கு வர இரண்டு மூன்று வாரங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அவை வைத்திருக்கும் ஈரத்தை வேறெந்த மண்ணும் வைத்திருப்பதில்லை என்பதால் அந்தக் காத்திருப்பு பயனுள்ளதே.

பதம் வந்ததும் ஒரு அடி ஆழம் புரட்டிவிட்டு, நான்கைந்து நாட்கள் வெயிலில் ஆறவிடுங்கள். பூசணி வகைக் காய்களைத் துளைக்கும் பழ ஈயின் கூட்டுப்புழுக்கள் மண்ணுக்குள்தான் இருக்கும். புரட்டிய மண்ணில் வெயில் சிலவற்றை முடிக்கும், மைனாக்கள் மற்றவற்றைப் பொறுக்கும். ஐப்பசியில் கத்தரியோ தக்காளியோ மிளகாயோ நின்ற பாத்தியில் மீண்டும் அதே குடும்பத்துச் செடியை வைக்கலாகாது. பிடுங்கிய செடியின் வேரில் முடிச்சு முடிச்சாகத் தென்பட்டால் அது நூற்புழுவின் வேலை. அந்தப் பாத்தியில் சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, இந்தப் பருவத்துக்குத் துலுக்கச் சாமந்தி நட்டுவிடுங்கள்.

மூன்று மாத மழை தழைச்சத்தைக் கரைத்துக் கீழே இறக்கிவிட்டிருக்கும் என்பதால், புரட்டிய மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ மட்கிய தொழுவுரம் இட வேண்டும். கடலோர மணலுக்கு இதைப்போல இரு மடங்கு தேவைப்படும். தொழுவுரத்தில் கிலோவுக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி இரண்டு வாரம் வைத்திருந்து இட்டால், நாற்றழுகலும் வேரழுகலும் பெரிதும் குறைகின்றன. பச்சைச் சாணத்தை நேராக இட வேண்டாம். அது வேரைச் சுடுவதோடு கரையானையும் வரவழைக்கும்.

போகிக்கு முன் சருகைச் சேருங்கள்

ஈரத்தைக் காக்கும் வேலையில் பாதி, செடியைச் சுற்றிச் சருகு பரப்பும் மூடாக்கினால் நடக்கிறது, அதற்கான பொருள் இந்த ஒரு பருவத்தில்தான் எங்கும் கிடைக்கிறது. சம்பா அறுவடை முடிந்து புது வைக்கோல் வருவது தையில். பலாச்சருகும் முந்திரிச்சருகும் மேட்டு நிலங்களில் குவிந்து கிடக்கும். கடற்கரைப் பக்கம் சவுக்கு ஊசிகள் கேட்பாரற்றுக் கிடக்கும். பொங்கல் முடிந்த தெருக்களில் கரும்புத் தோகையும் மஞ்சள் தழையும் வாழையிலையும் மூட்டை மூட்டையாக வெளியே வரும். இவற்றில் சருகெல்லாம் போகியன்று விடியலில் புகையாகிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. பழைய பாயை எரிப்பவர்களும் சருகையாவது மட்குக் குழிக்கு ஒதுக்கிவிடலாம்.

மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி போதும். ஒரு சாண் சருகு, அதன்மேல் நான்கு விரல் பச்சைத்தழை அல்லது காய்கறிக் கழிவு, அதன்மேல் கரைத்த சாணம், பின் ஒரு பிடி மண் என்று அடுக்கிக்கொண்டே வந்து, இருபது நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் பங்குனி இறுதியில் மட்கு கிடைக்கும். மார்கழி முழுவதும் கோலத்தின் நடுவில் பூசணிப்பூ செருகிய சாண உருண்டைகளை வறட்டியாகத் தட்டிக் காயவைக்கும் வழக்கம் உள்ளவர்கள், பொங்கலன்று அவற்றை எரித்த சாம்பலைச் சேமித்துவையுங்கள்; விதை கலந்து வைக்கவும், இலைப்பேன் வந்த செடியில் காலைப் பனியோடு தூவவும் அது உதவும். கோலத்துக்குப் பூப் பறிக்கும்போது ஆண்பூவை மட்டும் பறிக்க வேண்டும்; அடியில் சிறு பிஞ்சு உருண்டு தெரிவது பெண்பூ. கொடிக்கு இரண்டு மூன்று ஆண்பூக்களையாவது வண்டுக்கு விட்டுவைக்காவிட்டால் பிஞ்சு வெம்பி விழும்.

சவுக்கு ஊசியும் முந்திரிச்சருகும் மட்குவதற்கு நெடுநாள் ஆகும் என்பதால் அவற்றைக் குழியில் இடாமல் மூடாக்காகப் பரப்புவதே மேல். மூடாக்கு நான்கு விரல் கனத்துக்குக் குறையக் கூடாது; தண்டை ஒட்டி ஒரு கை அகலம் இடைவெளி விட்டால் தண்டு அழுகாது.

நாற்றங்கால்

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றுக்கும் நாற்று விட வேண்டிய காலம் மார்கழியின் பிற்பாதி. தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் வரை தேவை. இந்தக் கணக்கில் ஜனவரி முதல் வாரத்தில் விதைத்த கத்தரி பிப்ரவரி தொடக்கத்தில் நடவுக்கு வரும். அதற்கு ஒரு வாரம் முன்பே மிளகாயை விதைத்துவிட்டால் இரண்டையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நட்டு முடிக்கலாம்.

விதைத் தேர்வில் முடிந்தவரை இந்த மண்ணில் பழகிய இரகங்களை நாடுங்கள். கடலூர் மாவட்டத்துப் பாலூரில் உள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1, பாலூர் 2 என்னும் கத்தரி இரகங்களும், அதே பெயர் வரிசையிலான புடலை இரகங்களும் இவ்வட்டாரத்துக்கு ஏற்றவை. கைவசம் இருக்கும் பழைய விதையானால், பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். ஏழுக்கு மேல் முளைவிட்டால் நம்பி விதைக்கலாம். மார்கழி இரவின் குளிரில் முளைப்பு ஓரிரு நாள் தாமதப்படும் என்பதால், அந்தத் துணியை அடுப்பங்கரையின் கதகதப்பான மூலையில் வைப்பது நல்லது.

நாற்றங்கால் பாத்தியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி அமைக்க வேண்டும். பொங்கலை ஒட்டிக்கூட ஒரு மழை பெய்துவிடுவதுண்டு. தாழ்ந்த பாத்தியில் ஓர் இரவு நீர் நின்றாலே நாற்று முழுவதும் கழுத்தழுகி விழுந்துவிடும். விதையைச் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூளில் புரட்டி, நான்கு விரல் இடைவெளிக் கோடுகளில் மெலிதாகத் தூவி, விதையின் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு மணல் மூடி, மேலே வைக்கோல் பரப்புங்கள். முளை தலைகாட்டிய அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும். நாற்றின்மேல் கண் நெருக்கமான பூச்சிவலையைக் கூடாரமாகக் கட்டினால் இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கள் அண்டுவதில்லை. குழித்தட்டில் விதைப்பவர்கள் தென்னை நார்க்கழிவை இரண்டு முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

கடலோரத் தெருக்களில் ஆழ்குழாய் நீரில் உப்பு மிகுந்திருப்பது நாம் அறிந்ததே. வளர்ந்த செடி தாங்கும் உப்பை நாற்று தாங்காது. மழைக்காலத்தில் பிடித்துவைத்த நீரை இந்த ஒன்றரை மாதமும் நாற்றங்காலுக்கென்றே ஒதுக்குங்கள். நீரை எப்போதும் காலையில், வேரடியில் ஊற்ற வேண்டும். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். அந்தப் பனியில் இரவெல்லாம் நனையும் இலைமீது மாலையில் நாமும் நீர் தெளித்தால், அது பூஞ்சைக்கு இடம் அமைத்துக் கொடுப்பதாகிவிடும்.

நடவுக்கு ஒரு வாரம் முன்பு நீரைக் குறைத்து நாற்றைக் கடினப்படுத்துங்கள். லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்த நீரில் அரைமணி நேரம் வேரை நனைத்து, வெயில் தாழ்ந்த பின் நட வேண்டும். கத்தரிக்குச் செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி தேவை. ஒரு குடும்பத்துக்குப் பத்துச் செடி போதும்.

நேரடியாக ஊன்றுபவை

பாகல், புடலை, பீர்க்கன், சுரை, பூசணி, பரங்கி, வெள்ளரி, தர்பூசணி ஆகியவற்றுக்கு நாற்று தேவையில்லை. குழியை மார்கழியிலேயே வெட்டி ஆறவிட்டு, விதையைத் தை மாதத்தில் ஊன்றுவது முறை. ஒரு அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு 10 கிலோ தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, இரண்டு மீட்டருக்கு ஒரு குழி என்று இடம்விடுங்கள். செம்மண்ணிலும் மணலிலும் குழியின் வாய் தரைமட்டத்துக்கு நான்கு விரல் கீழே இருந்தால் நீர் தங்கும்; களிமண்ணில் அதே அளவு மேடாக்கிவிட வேண்டும்.

பாகல், புடலை விதைகளின் ஓடு தடித்தது. ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, பின் ஈரச்சாக்கில் முளைகட்டி ஊன்றினால் எல்லாம் ஒன்றாக எழும். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்தாம் நாள் திடமான இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அசையும். ஐந்தையும் வளரவிட்டால் ஒன்றும் உருப்படியாகக் காய்க்காது. இந்த இடத்தில் இரக்கம் காட்டாதீர்கள்.

பந்தலை மார்கழி முடிவதற்குள் எழுப்புவதை நான் ஏற்பதில்லை. 2011இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30ஆம் நாள்; பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் அது சாய்த்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. விதை ஊன்றிய பின் கொடி எட்டிப்பிடிக்க மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் ஆறடி உயரத்துக்குக் கால் நட்டுக் கம்பி இழுத்தால் போதும். சவுக்குக் கழிகள் இங்கு மலிவாகவே கிடைக்கின்றன. மண்ணுக்குள் போகும் பகுதியைத் தீயில் வாட்டி நட்டால் கரையான் அரிப்பது தாமதப்படும்.

வெண்டையை இரவு ஊறவைத்து, ஒன்றரை அடி வரிசையில் ஒரு அடிக்கு இரண்டு விதையாக ஊன்றலாம். கோடை வெண்டைக்கு வரும் பெருங்கேடு வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல். அதைத் தாங்கும் தன்மைக்காகவே வெளியிடப்பட்ட அர்கா அனாமிகா போன்ற இரகங்களைத் தேர்வது நலம். ஜனவரி 20ஐ ஒட்டி ஊன்றிய வெண்டை மார்ச் தொடக்கத்தில் காய்க்கும். கொத்தவரையும் அப்படியே. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, 25 நாளில் அறுக்கலாம்.

பொங்கல் குழம்புக்கு வாங்கிய பரங்கி நாட்டுக்காயாக இருந்தால் அதன் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி எடுத்துவையுங்கள். என் தோட்டத்துப் பரங்கி பல ஆண்டுகளாக அவ்வாறே வருகிறது.

மல்லியும் மரங்களும்

குண்டுமல்லியைக் கவாத்து செய்வதற்கு நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை காலம் உண்டு. அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் அழுகுவதால், நம் பகுதியில் மழை விட்ட பிறகு மார்கழியில் வெட்டுவதே பாதுகாப்பானது. தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், கூரான கத்தரியால், நோய்ப்பட்ட குச்சிகளை அடியோடு நீக்கி வெட்டுங்கள். வெட்டும்போது பலருக்குக் கை நடுங்கும். ஆனால் புதுத்தளிரின் நுனியில்தான் மல்லி அரும்பு வைக்கிறது என்பதால், வெட்டாத செடி மாசியில் இலையை மட்டுமே தரும். வெட்டிய பின் செடிக்கு 10 கிலோ தொழுவுரம் இட்டு நீர்விட்டால் மார்ச்சில் அரும்பு வரத் தொடங்கும். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. உயரம்.

மாமரத்துக்கு இந்த மாதங்களில் நாம் செய்யும் பேருதவி நீர் ஊற்றாமல் இருப்பதே. நீர் கிடைத்தால் பூங்கொத்துக்குப் பதிலாகத் தளிர் வந்துவிடும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு நீரைத் தொடங்கலாம். பூங்கொத்தில் வெண்சாம்பல் படிந்தால் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளிக்கலாம். பூ முழுவதும் விரிந்திருக்கும் நாட்களில், ஈக்களும் தேனீக்களும் வந்துபோகும் காலைப்பொழுதில், எதையும் தெளிக்காதீர்கள். பலாவுக்கு அடிமரத்தில் பிஞ்சு வரும் காம்புகளைச் சூழ்ந்த காய்ந்த குச்சிகளை மட்டும் நீக்கினால் போதும். முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்புழுக்கள் கூட்டமாக ஒட்டியிருக்கும் பகல் நேரத்தில், காதி சோப்புக் கரைசலை அழுத்தமாகப் பீய்ச்சி, விழுந்தவற்றைக் கூட்டி அள்ளிவிடுங்கள். வெறுங்கையில் தொட வேண்டாம்.

மழை விட்ட ஈரத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் இன்னும் திரிந்துகொண்டிருக்கும். மாலையில் ஈரச்சாக்கின்கீழ்ப் பப்பாளித் தழையை வைத்தால் விடியலில் அங்கே கூடியிருக்கும். கையுறையோ நெகிழிப் பையோ அணிந்து பொறுக்கி, உப்பு நீர் வாளியில் இட வேண்டும். அந்த நீரைத் தோட்டத்தில் கொட்டக் கூடாது.

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் தொட்டிகளின் வடிதுளைகளைக் குச்சியால் குத்திப் பாருங்கள். மழையில் கரைந்த மண் அவற்றை அடைத்திருக்கும். பழைய மண்ணைக் கொட்டி உலர்த்தி, செம்மண், மட்கு, நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து மீண்டும் நிரப்பினால் போதும்.

நாட்கணக்கு

எனக்கு நாட்காட்டியைவிடத் திருவிழாக்கள் எளிதாக நினைவிருக்கின்றன. போகிக்குள் பாத்தியும் குழியும் ஆயத்தமாகி, நாற்றங்காலில் முளை எழுந்திருக்க வேண்டும். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. அன்று மாலைக்குள் கொடிவகை விதைகளை ஊன்றி முடித்திருப்பது நல்லது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது, கத்தரி நட்டு வேர்பிடித்து, கொடிகள் பந்தலை எட்டி, எல்லாப் பாத்தியிலும் மூடாக்கு விழுந்திருக்க வேண்டும்.

அந்த நாளிலிருந்து நீர்விடும் முறையையும் மாற்றுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றுவதை நிறுத்தி, மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் ஊற்றினால், கீழிறங்கும் நீரைத் தேடி வேரும் கீழிறங்கும். மணற்பாங்கான தோட்டங்களில் மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேவைப்படும். மூடாக்கை விலக்கி விரலை உள்ளே விட்டுப் பார்த்து, இரண்டாம் கணு வரை ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர்விட வேண்டியதில்லை.